ஐப்பசியில் வீடு பாருங்கள்

ஜூன், ஜூலை மாதங்களில் பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். கையில் பெட்டியும் முகத்தில் குழப்பமுமாக வெளியூர்ப் பெற்றோர்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே பல்கலைக்கழகம். விடுதி பிடிக்காதவர்களும் இடம் கிடைக்காதவர்களும் வாடகை வீடு தேடுவார்கள். தரகர் நாலு வீடு காட்டுவார். எல்லா வீட்டிலும் புதுப் பெயின்ட் வாசனை அடிக்கும். அப்பா வாடகையையும் அட்வான்ஸையும் கேட்பார். அம்மா குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். பையன் வைஃபை பற்றிக் கேட்பான். சுவரில் யாரும் கை வைத்துப் பார்ப்பதில்லை. வைத்தாலும் ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலும் அக்னி நட்சத்திரமும் அதைக் காய வைத்திருக்கும்.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டதும் அந்தச் சுவர் தன் குணத்தைக் காட்டும். முதலில் கட்டிலுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூக்கும். பிறகு அலமாரியின் பின்பலகையில் படரும். தோல் பெல்ட்டில் பச்சை பூத்திருக்கும். பெட்டிக்கு அடியில் வைத்த மதிப்பெண் சான்றிதழின் ஓரம் பழுப்பேறியிருக்கும். அறைக்குள் நுழைந்ததும் ஒரு மக்கல் வாடை. வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், “மழைக்காலம்னா அப்படித்தான் தம்பி இருக்கும். ஜன்னலைத் தொறந்து வைங்க, துணியை ரூமுக்குள்ள காயப் போடாதீங்க” என்பார்.

மே மாதம் வீட்டைக் காலி செய்யும்போது ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். பூசணத்தின் மேலேயே பட்டி பார்த்து, ஒரு கோட்டிங் அடித்து, ஜூனில் அடுத்த பையனுக்கு அதே வீட்டைக் காட்டுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பெயின்டருக்குக் கூலி போகிறது. தண்ணீர் மட்டும் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

பூசணம் என்பது சுவரில் வரும் அழுக்கு அல்ல. தண்ணீர் வரக் கூடாத இடத்துக்கு வந்து, போக வழியில்லாமல் நிற்கிறது என்பதற்கான அறிவிப்பு அது. அந்த அறிவிப்பை அழிப்பதற்குத்தான் நாம் காசு செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

வடிந்த பிறகும் வடியாதது

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலை நகர் என்று ஜிஎஸ்டி சாலையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகள் ஏரிகளுக்கும் அவற்றின் வாய்க்கால்களுக்கும் வயல்களுக்கும் நடுவே எழுந்தவை. பொத்தேரியின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. இந்த மண்ணில் வீடு கட்டுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகும் என்பதுதான்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. 1,000 சதுர அடி மொட்டைமாடி ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அந்த ஒரு நாளில் அதன் மேல் விழுந்த தண்ணீர் ஏறத்தாழ 45,000 லிட்டர். கோடையில் இதே தெருக்களுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் கிட்டத்தட்ட நான்கு. அவ்வளவு நீரும் இரண்டு மூன்று வடிகுழாய்கள் வழியாக இறங்கியாக வேண்டும். ஒரு குழாயில் சருகு அடைத்திருந்தாலும் மாடி குளமாகிவிடும். குளத்துக்கு அடியில் படுக்கையறை இருக்கும்.

அன்று முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடும்பங்களுக்குத் தமிழக அரசு ரேஷன் கடைகள் வழியாக 6,000 ரூபாய் கொடுத்தது. அந்த நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் வெள்ளம் என்பதை நாம் ஒரு நிகழ்ச்சியாக மட்டுமே பார்க்கிறோம்: வந்தது, நின்றது, வடிந்தது. தெருவில் தண்ணீர் வடிந்ததும் அதிகாரிகளின் அறிக்கை முடிந்துவிடுகிறது. முழங்கால் அளவு நீரில் மூன்று நாள் ஊறிய செங்கல் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். தை பிறந்தும் அந்த வீட்டில் வெள்ளம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நான்கு வழிகள்

கொத்தனார்களைக் கேட்டால் ஓதம் வரும் வழிகளை விரலில் எண்ணிக் காட்டுவார்கள். முதல் வழி மேலே இருந்து. மொட்டைமாடித் தளத்துக்குச் சரியான வாட்டம் இல்லையென்றால் தண்ணீர் தேங்கும். தேங்கிய நீர் மயிரிழை வெடிப்பைத் தேடிப் பிடிக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுக்கும்.

இரண்டாவது வழி கீழே இருந்து. செங்கலும் சிமென்ட் பூச்சும் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். அடித்தளத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கைப் போடாமல் விட்டால், அல்லது தெருவை உயர்த்தி உயர்த்தித் தார் போட்டதில் அந்த அடுக்கே மண்ணுக்குள் புதைந்துபோனால், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவர் கறுக்கும். கூடவே வெள்ளையாக உப்புப் பூக்கும். காரை பொரிந்து உதிரும்.

மூன்றாவது வழி சுவருக்குள்ளேயே இருக்கிறது. குளியலறைக் குழாயின் இணைப்பில் சொட்டுகிற நீர் பக்கத்து அறைச் சுவரில் பூசணமாக வெளிப்படும். அடுக்குமாடியில் இது சண்டையாகவும் மாறும். மேல்வீட்டுக் குளியலறை, கீழ்வீட்டுக் கூரை. செலவு யாருடையது என்று சங்கக் கூட்டத்தில் வருடக் கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான்காவதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது காற்று. மழைக்காலக் காலைகளில் நம் பகுதியில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஏசி ஓடிக் குளிர்ந்த சுவரில் அந்தக் காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலச் சுவரும் வியர்க்கும். பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேர் படுத்து, அங்கேயே துணி காயப்போட்டு, கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தினால் ஈரம் எங்கே போகும்? வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மாடியில் துணி காயப்போட அனுமதியில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியதும் பல இடங்களில் அவரேதான்.

எந்த வழி என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். முதலாவதற்குக் கொத்தனார் வேண்டும். இரண்டாவதற்குக் காற்றோட்டம் போதும். இது தெரியாமல் செலவு செய்வது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமல் பிடுங்குவதைப் போன்றது.

கடற்கரைக் கோயிலின் வைத்தியம்

மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடற்கரை வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. உப்புக் காற்று. சுவரில் படிந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கசிவே இல்லாத சுவரும் நசநசக்கும். அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து அது தள்ளத் தள்ள, சீலிங் காரை பாளம் பாளமாகக் கீழே விழும்.

மாமல்லபுரத்தில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயிலுக்கும் இதே நோய்தான். கருங்கல்லிலேயே உப்பு ஏறுகிறது என்றால் நம் செங்கல் எம்மாத்திரம்! இந்தியத் தொல்லியல் துறை அதற்கு என்ன செய்கிறது? கல்லின் மேல் எதையும் பூசி மறைப்பதில்லை. காகிதக் கூழை ஈரமாகக் கல்லின் மேல் அப்பிவைக்கிறது. கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிறகு கூழை உரித்து எடுத்துவிடுகிறார்கள். தேவைப்படும்போது மீண்டும் செய்கிறார்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான் வைத்தியம். நம் வீடுகளில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர்.

பழைய வீடுகளுக்கும் ஓதம் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. போகியன்று நைந்த பாயையும் கந்தலையும் வெளியே போடுகிறோம். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். நீர்த்த சுண்ணாம்பு கடுமையான காரம். அதில் பூசணம் எளிதில் பிடிக்காது. சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறுவதையும் அது தடுக்காது. நாளடைவில் காற்றில் பட்டு அதன் காரம் குறையும். அதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும். இன்று ஈரச் சுவரின் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட்டைப் பூசி, ஈரம் வெளியேறும் வாசலை அடைத்துவிடுகிறோம். அது பெயின்ட்டையே கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. மாடியிலும் அப்படித்தான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கும் வேலைக்கு நாளாகும், ஆளும் வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு ஒரு டப்பா ரசாயனப் பூச்சோடு முடித்துக்கொள்ளும் கட்டடங்கள் பெருகிவிட்டன.

கறுப்புப் பூஞ்சை அல்ல, ஆனாலும்

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ‘கறுப்புப் பூஞ்சை’ என்ற சொல் வீடு வீடாகப் பரவியது. அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதிலிருந்து, சுவரில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் அதுவோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மியூகோர்மைகோசிஸ், பெரும்பாலும் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு சிகிச்சையும் சேர்ந்த கொரோனா நோயாளிகளைத் தாக்கியது. சுவரில் வழக்கமாகப் பூப்பவை வேறு வகைகள்.

அதற்காக அலட்சியப்படுத்தவும் முடியாது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லை, ஒவ்வாமை, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. விடியற்காலையில் விடாமல் தும்மும் பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். மாத்திரை வாங்குகிறோம். அவன் தலைமாட்டுச் சுவரைப் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு நாள்

பூசண வித்துகள் எங்கும் காற்றில் மிதந்துகொண்டிருப்பவை. அவற்றை ஒழிக்க முடியாது. அவற்றுக்குத் தேவையான ஈரத்தைத்தான் நிறுத்த முடியும். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூசணம் முளைக்கத் தொடங்கிவிடும். எனவே வெள்ளமோ கசிவோ, முதல் இரண்டு நாள்தான் முக்கியம். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகு மின்சாரத்தைப் போட்டு, எல்லா மின்விசிறிகளையும் ஓடவிட வேண்டும். கட்டில், அலமாரி எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப்போட வேண்டும். வெள்ள நீரில் ஊறிய மெத்தையையும் உப்பிப்போன பிளைவுட்டையும் காப்பாற்ற நினைப்பது வீண். மனசு கேட்காவிட்டாலும் வெளியே போட்டுவிட வேண்டியதுதான்.

சிறிய அளவில் பூத்திருந்தால் நாமே சுத்தம் செய்யலாம். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, உடனே காயவிட வேண்டும். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டக் கூடாது. வித்துகள் வீடெங்கும் பறக்கும். நம் வீடுகளில் நடக்கும் ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டையும் கலந்து ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். ஒருபோதும் கலக்காதீர்கள். கசிவை அடைத்து, சுவர் முழுவதும் காய்ந்த பிறகுதான் பட்டியும் பெயின்ட்டும். அதற்கு ஒரு கோடையே ஆனாலும் பொறுத்திருப்பது லாபம்.

சட்டம் யார் பக்கம்?

இவ்வளவும் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியவை. ஆனால் வாட்டமில்லாத மாடியை வாடகைக்கு இருக்கும் மாணவன் சரிசெய்ய முடியுமா? இங்கேதான் பொறுப்பு என்ற கேள்வி வருகிறது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவையானபோது குழாய்களை மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. அதேபோல, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அதே சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கேட்பதும், பெயின்டிங் சார்ஜ் பிடிப்பதும் ஊர் வழக்கமாகவே நிலைத்துவிட்ட இடத்தில், சட்டத்தை எடுத்துக் காட்டும் தைரியம் எந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்கு வரும்?

சொந்தமாக அடுக்குமாடி வாங்கியவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து, அதைக் கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுபோனால், 30 நாட்களுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் பெரும்பாலானோர் முதல் மழையில் கண்ட கறையைத் தாங்களே பெயின்ட் அடித்து மறைத்துவிடுகிறார்கள். ஆறாவது ஆண்டு சீலிங் பெயர்ந்து விழும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், 2020 டிசம்பரில் அவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அக்குழந்தையின் குடும்பம் வசித்த வாடகைக் குடியிருப்பின் பூசணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை நீதிமன்றம் சொன்னது. பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் செய்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று நிர்வாகம் ஊகித்துக்கொண்டிருந்தது. ‘துணியை உள்ளே காயப் போடாதீங்க’ என்பதன் ஆங்கில வடிவம் அது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடுமையான ஈரம், பூசணம் பற்றிப் புகார் வந்தால், சமூக வீட்டுவசதி அமைப்புகள் பத்து வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரம்தான் அவகாசம்.

நமக்கு அப்படி ஒரு மரணம் நிகழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கும் சட்டங்களிலேயே மூன்று காரியங்களைச் செய்யலாம். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போதே சுவர், கூரை, குழாய் ஆகியவற்றின் நிலையைப் புகைப்படத்தோடு இணைப்பதைக் கட்டாயமாக்கலாம்; காலி செய்யும் நாளில் யார் எதற்குப் பொறுப்பு என்ற வாக்குவாதமே எழாது. கட்டட நிறைவுச் சான்று கொடுப்பதற்கு முன் மாடியில் தண்ணீர் கட்டி ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பதை உள்ளாட்சி அமைப்புகள் நிபந்தனையாக்கலாம். நல்ல கொத்தனார்கள் இன்றும் செய்கிற சோதனைதான் அது. வெள்ளம் புகுந்த வீடுகளை வடிந்த மறுநாள் கணக்கெடுப்பதோடு நிறுத்தாமல், தை மாதத்தில் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இன்னொரு முறை பார்க்கலாம்.

வெளியூரிலிருந்து பொத்தேரிக்கு வரும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்லூரி மழைக்கு முன்பே திறந்துவிடும். அப்போதுதான் வீடு பார்க்க முடியும் என்பது தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மாடிக்கு ஏறி வடிகுழாய் வாயைப் பாருங்கள். அலமாரியைச் சற்று நகர்த்தி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். போன ஐப்பசியில் அந்த வீட்டில் குடியிருந்தவரின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். எண்ணைக் கொடுக்க வீட்டுக்காரர் தயங்கினால், பக்கத்துத் தெருவில் வேறு வீடு பாருங்கள்.